மருந்துக்கு அடங்காத களை: பெருநகர் வட்டாரக் கோரிக்கைச் சாசனம்

முன்வைப்போர்: காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வட்டம், பெருநகரிலும் சுற்று ஊர்களிலும் நெல் பயிரிடும் உழவர்கள், குத்தகைக்காரர்கள், களையெடுக்கும் பெண்கள், மருந்து அடிக்கும் தொழிலாளர்கள்.

பெறுவோர்: மாவட்ட ஆட்சியர், தமிழ்நாடு அரசின் வேளாண்மை உழவர் நலத்துறை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், ஜபல்பூரில் உள்ள மத்தியக் களை ஆராய்ச்சி இயக்குநரகம், மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியமும் அதன் பதிவுக் குழுவும்.

1. வயலில் நாங்கள் பார்ப்பது

களை பிடுங்காப் பயிர் கால் பயிர் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பிடுங்க ஆள் கிடைக்காத காலம் வந்தபோது களை மருந்து வந்தது. வரிசையாகக் குனிந்து பெண்கள் ஒரு பகல் முழுக்கச் செய்த வேலையை முதுகில் தொங்கிய ஒரு டேங்கு ஒரு மணி நேரத்தில் செய்தது. அந்த மருந்தை இன்று நாங்கள் பழிக்க வரவில்லை. அது கைவிட்டுப் போகிறதே என்று சொல்ல வந்திருக்கிறோம்.

எங்கள் பக்கம் நெல்லுக்கு மூன்று பட்டம்: சொர்ணவாரி, சம்பா, நவரை. ஏரியில் தண்ணீர் நின்று, கிணறும் கைகொடுத்தால் மூன்றுமே நெல்தான். மூன்றுக்கும் களைக்கு ஒரே மருந்துதான். நட்ட சில நாட்களுக்குள் மணலில் கலந்து தூவ வேண்டிய மருந்தைத் தவறவிட்டவர்கள், பதினைந்தாம் நாளிலிருந்து இருபத்தைந்தாம் நாளுக்குள் பிஸ்பைரிபாக் சோடியம் வாங்கி அடிக்கிறோம். ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லி. முன்பெல்லாம் அடித்த இரண்டு வாரத்தில் குதிரைவாலியும் கோரையும் மஞ்சளாகிக் கருகிவிடும். இப்போது சில வயல்களில் மற்ற களைகள் மடிந்த இடத்திலேயே வட்டக்கோரை பச்சையாக நிற்கிறது. ஒரு முழத்துக்குள் ஒரு கோரை செத்துக் கிடக்கிறது. பக்கத்துக் கோரை பூத்து நிற்கிறது.

முதலில் எங்களையேதான் சந்தேகப்பட்டோம். களை முற்றிய பிறகு அடித்திருப்போம். தண்ணீரை வடிக்காமல் அடித்திருப்போம். கலங்கல் தண்ணீரில் கலக்கியிருப்போம். அடித்த கையோடு மழை பிடித்திருக்கும். காசு மிச்சம் பார்த்து, ஏக்கருக்கு உள்ள மருந்தை ஒன்றரை ஏக்கருக்கு இழுத்திருப்போம். இந்தக் குறைகள் எங்களிடம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் தவறு அடித்த விதத்தில் என்றால் எல்லாக் களையும் கலந்து தப்பியிருக்க வேண்டும். ஒரே வகைக் களை மட்டும், வயலின் ஒரு மூலையில் திட்டாகத் தொடங்கி, பட்டத்துக்குப் பட்டம் அகலமாகிக்கொண்டு போவது ஏன்?

இது களைக்கொல்லி எதிர்ப்புத்தான் என்று நாங்கள் சாதிக்கவில்லை. அதைச் சோதித்துச் சொல்லும் வசதி எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. அந்த வசதி வேண்டும் என்பதே இந்தச் சாசனத்தின் முதல் கோரிக்கை.

2. களை மருந்தைத் தாண்டும் விதம்

மருந்து அடித்து அடித்துக் களை முரட்டுப் பிறவியாகிவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறோம். நடப்பது அதைவிட எளிமையானது. எங்களுக்கு நன்றாகத் தெரிந்ததும்கூட. விதைநெல்லுக்கு என்ன செய்கிறோம்? வயலில் இறங்கி நல்ல கதிராகப் பொறுக்குகிறோம். மற்றதை அரிசிக்கு அனுப்பிவிட்டு, பொறுக்கியதை மட்டும் அடுத்த பட்டத்துக்கு விதைக்கிறோம். களையிலும் அதையேதான் செய்திருக்கிறோம். மருந்துக்குச் சாகும் களையை எல்லாம் கொன்றுவிட்டு, சாகாத ஒன்றிரண்டைப் பொறுக்கி விதைக்கு விட்டிருக்கிறோம். நெல்லுக்குப் பொறுக்கியது தெரிந்து செய்தது. களைக்குப் பொறுக்கியது தெரியாமல் செய்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் பத்து லட்சம் கோரைக் கன்றுகள் முளைத்ததாக வைத்துக்கொள்வோம். அவற்றில் பத்தே பத்து பிறவியிலேயே மருந்துக்கு அடங்காதவை. மற்ற அத்தனையும் செத்துவிட்டன. ஏக்கருக்குப் பத்துச் செடி யார் கண்ணிலும் படாது. மருந்து அருமையாக வேலை செய்தது என்போம். அந்தப் பத்தும் தலைக்கு ஆயிரம் விதை உதிர்த்து, நூற்றுக்குப் பத்து முளைத்தால் அடுத்த பட்டத்தில் ஆயிரம் செடி. அதற்கடுத்த பட்டத்தில் ஒரு லட்சம். நிஜ வயலில் இத்தனை வேகம் எப்போதும் இருக்காது. ஏறும் விதம் மட்டும் இதுதான். கண்ணில் படும்போது காரியம் கை மீறியிருக்கும்.

வட்டக்கோரை இந்தக் கணக்குக்கென்றே பிறந்த களை. முளைத்த ஒரு மாதத்துக்குள் பூத்துக் காய்த்துவிடும். ஒரு செடி ஐம்பதாயிரம் விதை வரை உதிர்க்கும். தூசு போன்ற அந்த விதை வாய்க்கால் தண்ணீரிலும் காலில் ஒட்டிய சேற்றிலும் ஊர் சுற்றும்.

இனி மருந்தின் பக்கம். செடி வளர வேண்டுமென்றால் வாலின், லியூசின், ஐசோலியூசின் என்ற மூன்று அமினோ அமிலங்களைத் தானே செய்துகொள்ள வேண்டும். அவற்றைச் செய்யும் வேலையில் ஏ.எல்.எஸ். என்ற ஒரு நொதிக்கு முக்கியப் பங்கு. பிஸ்பைரிபாக் போய் அடைத்துக்கொள்வது அந்த நொதியில்தான். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் நொதியின் வடிவம் சற்றே திரும்பிவிடும், மருந்து ஒட்டாது, செடி பிழைத்துக்கொள்ளும். இவ்வளவு சின்ன மாற்றம் போதும் என்பதால்தான் உலகில் மற்ற எந்த வகை மருந்தையும்விட இந்த வகைக்கே எதிர்ப்புக் களைகள் அதிகம். இவ்வகையின் முதல் மருந்துகளில் ஒன்றான குளோர்சல்ஃப்யூரான் 1982-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1987-லேயே அதற்கு அடங்காத களை அங்கே கண்டுபிடிக்கப்பட்டது.

இங்கேதான் எங்களுக்கு விளங்காமல் போன இடம். ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் கடைக்குப் போய் வேறு மருந்து கேட்கிறோம். வேறு பெயர், வேறு நிறப் புட்டி தருகிறார்கள். பைரசோசல்ஃப்யூரான், பென்சல்ஃப்யூரான், மெட்சல்ஃப்யூரான், பெனாக்சுலம் என்று பெயர்கள் நீள்கின்றன. இவை அத்தனையும் பிஸ்பைரிபாக் தாக்கும் அதே நொதியைத் தாக்குபவை. புட்டி மாறியது, தாக்கும் இடம் மாறவில்லை. மாற்றி அடித்தோம் என்று நினைத்துக்கொண்டு ஒரே மருந்தைத்தான் ஐந்து பெயரில் அடித்திருக்கிறோம்.

களைக்கு இரண்டாவது வழியும் உண்டு. நெல் வயலில் அடிக்கும் மருந்து நெல்லைக் கொல்லாதது ஏன்? நெல் அதை உள்ளே வாங்கி உடைத்துச் செரித்துவிடுகிறது. சில களைகளும் அதே செரிமானத்தைப் பெற்றுவிடுகின்றன. அப்படிப்பட்ட களை, தான் ஒருமுறைகூடப் பார்த்திராத மருந்தையும் செரித்துவிடக்கூடும்.

நெல்லைப் பார்த்துக் கற்பது இந்தக் களைகளுக்குப் புதிதல்ல. குதிரைவாலி இனத்துக் களை ஒன்று நாற்றுப் பருவத்தில் அச்சாக நெல்லைப் போலவே நிமிர்ந்து நிற்கும். நெல் இலை தண்டோடு சேருமிடத்தில் மெல்லிய நாக்கும் மயிர் முளைத்த காதும் உண்டு. களைக்கு இரண்டும் இல்லை. அதைப் பார்த்துத்தான் எங்கள் பெண்கள் பிரிப்பார்கள். யாங்சி ஆற்றுப் பகுதிக் குதிரைவாலிகளின் மரபணுவை ஆராய்ந்து 2019-ல் சீன விஞ்ஞானிகள் ஒன்று சொன்னார்கள்: இந்த நெல் வேடம் சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன் உருவானது, உருவாக்கியது களையெடுக்கும் மனிதக் கைதான். வித்தியாசமாகத் தெரிந்ததைப் பிடுங்கினார்கள். நெல்லாகத் தெரிந்தது தப்பியது. ஆகவே கையும் பொறுக்கும், மருந்தும் பொறுக்கும். கைக்கு நெடுங்காலம் பிடித்ததை மருந்து பத்துப் பதினைந்து ஆண்டில் முடித்துவிடுகிறது.

3. மற்றவர்கள் பட்டது

பஞ்சாப், ஹரியானா கோதுமை வயல்களில் குல்லி டண்டா, மண்டூசி என்றெல்லாம் அழைக்கப்படும் புல் ஒன்று உண்டு. 1970-களின் பிற்பகுதியிலிருந்து அதற்கு ஐசோபுரோட்யூரான் அடித்தார்கள். நெல்லும் கோதுமையும் மாறி மாறி, களைக்கு அதே மருந்து, பத்துப் பதினைந்து ஆண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஹிசாரில் உள்ள ஹரியானா வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஆர்.கே.மாலிக்கும் சமுந்தர் சிங்கும் அந்தப் புல் மருந்துக்கு அடங்கவில்லை என்று காட்டினார்கள். அதற்குள் சில உழவர்கள் கதிர் முற்றாத கோதுமையைப் பச்சையாக அறுத்து மாட்டுக்குப் போடும் நிலைக்கு வந்திருந்தார்கள். அந்தப் பத்தாண்டின் கடைசியில் குளோடினாஃபாப், சல்ஃபோசல்ஃப்யூரான் போன்ற புது மருந்துகள் வந்தன. பின்னாளில் அவற்றுக்கும் அடங்காத புல் வந்தது. ஓரளவு கைகொடுத்தது உழாமல் விதைப்பதும் முன்கூட்டி விதைப்பதும்தான்; அதாவது, பயிர் செய்யும் முறையையே மாற்றியது.

இலங்கையில் நெல்லுக்குப் புரோபனில் அடித்துப் பழகிய வயல்களில் 1990-களின் பிற்பகுதியிலேயே அடங்காத குதிரைவாலி வந்துவிட்டது.

நமக்கு மிக நெருங்கிய செய்தி 2021-ல் வெளியானது. சத்தீஸ்கரிலும் கேரளத்திலும் நெல் வயல்களிலிருந்து எடுத்த வட்டக்கோரை விதைகளை ஜபல்பூர் விஞ்ஞானிகள் சோதித்தார்கள். பிஸ்பைரிபாக் சோடியத்துக்கு அடங்காத வட்டக்கோரை இந்தியாவில் இருக்கிறது என்று முதன்முறையாக உறுதியானது. அதே பயிர், அதே களை, அதே மருந்து. கேரளத்துக்கும் நமக்கும் நடுவே ஒரு மலைதான். லாரிக்கும் அறுவடை வண்டிக்கும் அந்த மலை ஒரு பொருட்டில்லை.

4. இது ஏன் ஊர்ப்பொதுக் காரியம்

என் வயலில் பூச்சி வந்தால் என் நஷ்டம் என்று சொல்லிவிடலாம். இந்தக் களை அப்படி இல்லை. ஒருவர் விதைக்கு விட்டது மதகுத் தண்ணீரில் இறங்கி ஆயக்கட்டு முழுக்கப் பரவும். கவனமாக அடித்தவர் வயலும் கவனமில்லாதவர் வயலும் ஒரே வாய்க்காலில்தான் பாய்கின்றன.

தைப்பூசத்தன்று சுற்று ஊர்ச் சாமிகள் செய்யாற்றில் வந்து கூடும் ஊர் பெருநகர். சம்பா அறுவடை நடப்பதும் அந்த நாட்களை ஒட்டித்தான். கதிர் அறுக்கும் வண்டிகளும் ஊர் ஊராக வந்து கூடும். ஒவ்வொரு வண்டியின் வயிற்றிலும் கடைசியாக அறுத்த வயலின் களை விதை மிச்சமிருக்கும். ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாடகை மணிக்கணக்கில் ஓடும்போது வண்டியைத் துடைத்துவிட்டு வா என்று அவரிடம் சொல்பவர் எவருமில்லை.

எங்கள் வட்டத் தலைநகரான உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் பராந்தகச் சோழன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை எடுத்து வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதியை அவை சொல்கின்றன. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவரது உறவினரும் மறுபடி வர முடியாது. அந்தச் சபையில் எங்களில் பலருக்கு இடம் கிடைத்திருக்காது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறோம்: ஏரி ஆளுக்கு ஆள் பார்த்துக்கொள்ளும் சொத்தில்லை, அதற்கு வாரியமும் கணக்கும் வேண்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே இந்த மண்ணில் முடிவு செய்துவிட்டார்கள். களைக்குக் கேட்கும் மருந்தும் ஏரித் தண்ணீரைப் போன்றதுதான். ஆளாளுக்கு இறைத்தால் வற்றிவிடும்.

5. கோரிக்கைகள்

ஒன்று. சோதனை. மருந்து அடித்தும் களை தப்பியதாக உழவர் சொல்லும் வயல்களிலிருந்து களை விதை சேகரித்து, தொட்டியில் வளர்த்துச் சோதிக்க வேண்டும். சிபாரிசு அளவு, இருமடங்கு, நான்கு மடங்கு என்று அடித்து, மருந்தே படாத இடத்து விதையோடு ஒப்பிட வேண்டும். பெரிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ இதற்குத் தேவையில்லை. திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தை வட மாவட்டங்களுக்கான சோதனை மையமாக்கலாம். முடிவு மூன்று மாதத்துக்குள் தமிழில், எழுத்தில், உழவர் கைக்கு வர வேண்டும்.

இரண்டு. பதிவு. உழவன் செயலியில் ‘மருந்துக்குச் சாகாத களை’ என்று தனியே ஒரு பகுதி வேண்டும். செல்போன் இல்லாதவர்களுக்காக ஒவ்வொரு உதவி வேளாண்மை அலுவலரிடமும் ஒரு பதிவேடு வேண்டும். எந்தக் களை, எந்த மருந்து, எத்தனை ஆண்டாக அடிக்கிறார், திட்டின் அகலம் எவ்வளவு என்ற நான்கு கேள்வி போதும்.

மூன்று. வரைபடம். சோதனை முடிவுகளைக் கொண்டு ஆண்டுதோறும் வட்டார வாரியாக வரைபடம் வெளியிட வேண்டும். உழவரின் பெயரும் சர்வே எண்ணும் அதில் வரக்கூடாது. சொன்னவன் நிலத்துக்கு விலை குறைந்துவிடும் என்ற பயம் இருக்கும்வரை எவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நான்கு. புட்டியில் எண். ஒரு மருந்து செடியில் எங்கே தாக்குகிறது என்பதற்கு உலகம் முழுக்க ஓர் எண் வைத்திருக்கிறார்கள். பிஸ்பைரிபாக் 2, பிரெட்டிலாகுளோர், பியூட்டாகுளோர் 15, சைஹாலோஃபாப் 1, 2,4-டி 4. அந்த எண்ணைப் பெயரைவிடப் பெரிதாக, புட்டியின் முன்பக்கம் அச்சிட வேண்டும். மருந்தின் பெயர் எங்கள் நாக்கில் நுழையாது. எண் எல்லாருக்கும் புரியும்: போன பட்டம் 2 அடித்தாயா, இந்தப் பட்டம் 2 வேண்டாம். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-ம் அதன் கீழ் வந்த விதிகளும் புட்டியில் என்ன எழுத வேண்டும் என்று ஏற்கெனவே சொல்கின்றன. அதில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஐந்து. மருந்துக்கடை. எங்கள் ஊர்களில் களைக்கு வைத்தியர் கடைக்காரர்தான். விற்பனைச் சீட்டில் அந்த எண்ணை எழுதித் தர வேண்டும். கடைக்காரர்களுக்கான பயிற்சியில் எதிர்ப்புக் களை பற்றி வயலில் வைத்தே சொல்லித்தர வேண்டும். மருந்து கேட்கவில்லை என்றால் அளவைக் கூட்டு, இரண்டைக் கலந்து அடி என்ற வாய்மொழி யோசனைக்கு முடிவு கட்ட வேண்டும்.

ஆறு. பட்ட வாரியான அட்டவணை. சொர்ணவாரிக்கு எந்த எண், சம்பாவுக்கு எந்த எண், நவரைக்கு மருந்தே இல்லாமல் என்ன செய்யலாம் என்று ஒரே பக்கத்தில் பல்கலைக்கழகம் எழுதித் தர வேண்டும். நட்ட வயலுக்கும் நேரடி விதைப்பு வயலுக்கும் தனித்தனியாக வேண்டும். ஊராட்சி அலுவலகச் சுவரிலும் கொள்முதல் நிலையத்திலும் அது எழுதப்பட வேண்டும்.

ஏழு. அறுவடை வண்டி. ஓர் ஊர் முடித்து அடுத்த ஊருக்குப் போகும் முன் வண்டியைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வசதி வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை தன் வாடகை வண்டிகளில் இதை முதலில் தொடங்கட்டும். சுத்தம் செய்யும் அரை மணி நேரத்துக்கான வாடகையை அரசு தர வேண்டும். உழவர் தலையில் கட்டினால் அது நடக்காது.

எட்டு. விதை. சான்று பெற்ற நெல் விதையில் கிலோவுக்கு 20 களை விதை வரை அனுமதி உண்டு. ஏக்கருக்கு 25 கிலோ என்று வைத்தால் 500 களை விதை வரை காசு கொடுத்து வாங்குகிறோம். எதிர்ப்பு உறுதியான பகுதிகளில் விதைப் பண்ணை வைக்கக்கூடாது. வைத்தே தீர வேண்டுமென்றால் அந்த வரம்பைக் குறைக்க வேண்டும்.

ஒன்பது. முதல் திட்டு. எதிர்ப்பு உறுதியான வயலில், களை விதை உதிர்க்கும் முன் அதைக் கையால் பிடுங்கி அழிக்கும் முழுக் கூலியையும் அரசு ஏற்க வேண்டும். அந்த உழவர் பிடுங்குவது தன் வயலுக்காக மட்டுமல்ல. மதகுக்குக் கீழே உள்ள எல்லாருக்காகவும்தான். நூறு நாள் வேலை என்று ஊரார் சொல்லும் ஊரக வேலைத் திட்டம் எந்தப் பெயரில் வந்தாலும், வாய்க்கால் கரை, வரப்பு, தரிசு ஆகியவற்றின் களையை விதை உதிர்க்கும் முன் அகற்றுவதை அதில் வேலையாகச் சேர்க்க வேண்டும்.

பத்து. களையெடுக்கும் பெண்கள். மருந்து வந்ததும் வேலை இழந்தவர்கள் இவர்கள். மருந்து தோற்றால் முதலில் கூப்பிடப்படுபவர்களும் இவர்களே. நாற்றுக்கும் குதிரைவாலிக்கும் வித்தியாசம் பார்க்கும் கண் இவர்களுடையது. கணக்கெடுப்பில் இவர்களையே களை கண்காணிப்பாளர்களாகக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும். வரிசை நடவும் கோனோவீடரும் பரவ வேண்டுமானால் பெண்களின் உயரத்துக்கும் எங்கள் களிமண்ணுக்கும் ஏற்ற கருவி வேண்டும். முழங்காலளவு சேற்றில் தள்ள முடியாத கருவிக்கு மானியம் கொடுத்துப் பயனில்லை.

பதினொன்று. மருந்து அடிப்பவர்கள். களை சாகவில்லை என்றால் மறுபடி அடி, இன்னும் கொஞ்சம் ஊற்றி அடி என்கிறார்கள். கூடுவதெல்லாம் அடிப்பவர் உடம்பில்தான் இறங்குகிறது. கையுறை, முகக்கவசம், களைக்கொல்லிக்கு உரிய விசிறி நாசில் ஆகியவற்றை ஊராட்சி தோறும் இலவசமாகத் தர வேண்டும். அடிப்போருக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும் வேண்டும்.

பன்னிரண்டு. தண்ணீர். நட்ட முதல் வாரங்களில் வயலில் இரண்டு அங்குலத் தண்ணீர் மட்டமாக நின்றாலே குதிரைவாலி முளைப்பது பெரிதும் குறையும். அதற்கு மதகு அடைக்கவும் திறக்கவும் சரியாக இருக்க வேண்டும். வாய்க்கால் கடைமடை வரை தூர்வாரியிருக்க வேண்டும். ஏரியைச் சீர்படுத்துவதும் களை ஒழிப்புத்தான். நீர்வளத் துறையும் இந்தச் சாசனத்துக்குக் கட்டுப்பட்டது என்று ஆட்சியர் அறிவிக்க வேண்டும்.

பதின்மூன்று. மருந்தைத் தாங்கும் நெல். 2021-ல் மத்திய அரசு பூசா பாஸ்மதி 1979, 1985 என்ற இரண்டு ரகங்களை வெளியிட்டது. இமாசெதாபைர் அடித்தாலும் சாகாத நெல். நேரடி விதைப்புக்கு வசதி, தண்ணீரும் ஆளும் மிச்சம் என்கிறார்கள். எங்களுக்கும் இரண்டும் தேவைதான். ஆனால் இமாசெதாபைரும் அதே 2-ஆம் எண். ஏற்கெனவே வற்றிக்கொண்டிருக்கும் கிணற்றில் இன்னொரு மோட்டார் வைப்பது போன்றது இது. அமெரிக்காவில் 2002-ல் இதே மாதிரி நெல் வந்த பிறகு, மகரந்தத்தின் வழியே அந்தக் குணம் களைநெல்லுக்கும் போய்ச் சேர்ந்தது. எனவே, மூன்றாம் கோரிக்கையில் சொன்ன வரைபடம் வெளியாகும் முன் இத்தகைய ரகங்களை எங்கள் மாவட்டத்துக்குச் சிபாரிசு செய்ய வேண்டாம்.

பதினான்கு. பணம். மாநில வேளாண் நிதிநிலை அறிக்கையில் களை எதிர்ப்புக் கண்காணிப்புக்கென்று தனித் தலைப்பு வேண்டும். புது மருந்து வாங்க மானியம் என்று அது முடிந்துவிடக்கூடாது. அந்த மருந்தும் பத்தாண்டில் இதே வாசலில் வந்து நிற்கும்.

6. எங்கள் பங்கு

கேட்பதோடு நிற்கவில்லை. கீழ்க்கண்டவற்றை நாங்கள் செய்கிறோம். செய்யாவிட்டால் கிராம சபையில் எங்களைக் கேட்கலாம்.

தொடர்ந்து இரண்டு பட்டத்துக்கு ஒரே எண் மருந்தை அடிக்க மாட்டோம். குறைந்த அளவிலும் அடிக்க மாட்டோம், கூட்டியும் அடிக்க மாட்டோம்.

முதல் உழவுக்குப் பின் தண்ணீர் கட்டி, களையை முளைக்கவிட்டு, சேடை ஓட்டி மடக்குவோம். ஒரு வாரம் தாமதமாகும், தாங்கிக்கொள்கிறோம்.

ஏரி ஒத்துழைக்காத ஆண்டில் நவரைக்கு நெல்லை விட்டு உளுந்தோ எள்ளோ வேர்க்கடலையோ போடுவோம். தண்ணீரில் வாழும் களைக்குத் தண்ணீர் இல்லாத பட்டம் ஒரு பட்டினி.

மருந்துக்குத் தப்பிய களையைப் பூக்கும் முன் பிடுங்குவோம். பிடுங்கியதை வரப்பில் போட மாட்டோம், மறுபடி வேர்பிடிக்கும். வாய்க்காலில் எறிய மாட்டோம்; அடுத்தவர் வயலுக்குப் போகும்.

திட்டு தெரிந்தால் மறைக்க மாட்டோம். பக்கத்து வயல்காரரிடம் முதலில் சொல்வோம்.

ஒவ்வொரு ஏரி ஆயக்கட்டுக்கும் ஆறு பேர் கொண்ட களைக் குழு ஒன்றைக் கிராம சபையில் தேர்ந்தெடுப்போம். அதில் பாதிப் பேர் பெண்கள். குத்தகைக்காரர் ஒருவரும் மருந்து அடிக்கும் தொழிலாளி ஒருவரும் அதில் கட்டாயம் இருப்பார்கள். ஆண்டுக் கணக்கை அவர்கள் சபையில் வாசிப்பார்கள். கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது.

7. கெடு

இந்தச் சாசனத்தின் பதினான்கு கோரிக்கைகளும் ஒரே நாளில் நிறைவேறாது என்பது தெரியும். புட்டியில் எண் அச்சிட டெல்லி வரை போக வேண்டும். அதற்கு நேரம் தருகிறோம். சோதனைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. திரூர் பக்கத்து மாவட்டத்தில்தான் இருக்கிறது. எனவே முதல் இரண்டு கோரிக்கைகளுக்கு மட்டும் கெடு வைக்கிறோம்: அடுத்த சம்பா நாற்று விடும் முன்.

சோதனைக்கான வேலையில் பாதியை நாங்களே முடித்துவிட்டோம். மருந்து அடித்தும் நின்ற வட்டக்கோரையின் தலைகளைக் கிள்ளி, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு உறையிலும் எந்த ஏரிப் பாசனம், எந்தப் பட்டம், என்ன மருந்து, எந்த நாளில் அடித்தது என்று எழுதியிருக்கிறோம். மருந்தே படாத கோயில் குளக்கரையிலிருந்து எடுத்த கோரை விதையும் ஒப்பிட ஓர் உறையில் இருக்கிறது. குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு அந்த உறைகளையும் கொண்டுவருவோம். வாங்கிக்கொண்டு, வாங்கியதற்கு ஒரு சீட்டுக் கொடுங்கள்.